ஸ்கேனில் கதிர்வீச்சு எல்லை மீறினால்: முடி கொட்டியவருக்கு வழக்கு உண்டு, மற்றவருக்கு?

பக்கவாதம் வந்திருக்குமோ என்ற சந்தேகத்தோடு வந்தவர்களுக்கு எடுக்கப்படும் மூளை சி.டி. ஸ்கேனில், 206 நோயாளிகளுக்கு எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு கதிர்வீச்சு போய்ச் சேர்ந்திருந்தது. 2009-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையில் வெளிவந்த விஷயம் இது. தவறு 18 மாதங்கள் தொடர்ந்திருக்கிறது. ஆகஸ்டில் ஒரு நோயாளி தனக்கு முடி கொட்டுவதைச் சொன்ன பிறகுதான் மருத்துவமனை தன் பதிவேடுகளைத் திருப்பிப் பார்த்தது. அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அக்டோபரில் நாடு முழுவதற்கும் எச்சரிக்கை விடுத்தது. சீடர்ஸ் எண்ணிக்கை பின்னர் 250-ஐத் தாண்டியது. கலிஃபோர்னியாவின் வேறு மருத்துவமனைகளும் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் மருத்துவமனையும் பட்டியலில் சேர்ந்தன. 2010 நவம்பரில் எஃப்.டி.ஏ. விசாரணையை முடித்தபோது கணக்கு ஆறு மருத்துவமனைகள், சுமார் 385 நோயாளிகள்.

வழக்குகள் உடனே வந்தன. 2009 அக்டோபரிலேயே லாஸ் ஏஞ்சல்ஸில் கூட்டு வழக்கு தாக்கலானது. எட்டு மடங்கு கதிர்வீச்சு, மருத்துவமனையே ஒப்புக்கொண்ட தவறு; இதில் வாதாட என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். உண்மையில் தவறை நிரூபிப்பது இவ்வகை வழக்குகளில் எளிய பகுதி. அந்தத் தவறால் என்ன கேடு வந்தது என்று காட்டும் இடத்தில்தான் பெரும்பாலானவை சிக்கிக்கொள்கின்றன. அது ஏன் என்று புரிய, முதலில் அளவுகளிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்று எண்கள், மூன்று பொருள்

ஸ்கேன் தாள்களிலும் செய்திகளிலும் வரும் எண்கள் ஒன்றையே குறிப்பதுபோலத் தெரியும். அவை வேறுவேறு.

1. மில்லிகிரே. உடல் திசு உறிஞ்சிய ஆற்றலின் அளவு. ஆயிரம் மில்லிகிரே ஒரு கிரே. தோல், முடி, கண்வில்லை இவற்றுக்கு நேரும் காயத்தை இந்த அலகில்தான் பேச வேண்டும்.

2. சி.டி.டி.ஐ. வால்யூம். ஸ்கேன் திரையில் தெரிவது இதுதான். இதுவும் மில்லிகிரேயில்தான் எழுதப்படுகிறது என்பதால் நோயாளி வாங்கிய அளவு என்றே பலரும் படிக்கிறார்கள். அப்படியல்ல. 16 செ.மீ. (தலைக்கு) அல்லது 32 செ.மீ. (உடலுக்கு) விட்டமுள்ள அக்ரிலிக் உருளையில் இந்த இயந்திரம் எவ்வளவு கொடுக்கும் என்பதற்கான குறியீடு அது. இதை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கினால் வருவது டி.எல்.பி.

3. மில்லிசீவர்ட். ஒவ்வோர் உறுப்பும் கதிர்வீச்சுக்கு எவ்வளவு மென்மையானது என்று எடை போட்டு, முழு உடலுக்குமாகச் சொல்லும் எண். புற்றுநோய் அபாயத்தைத் தோராயமாக ஒப்பிட உதவுவது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சீடர்ஸில் எடுக்கப்பட்டது, மூளை ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் பெர்ஃப்யூஷன் ஸ்கேன். அதில் எதிர்பார்க்கப்பட்ட உச்ச அளவு 500 மில்லிகிரே. 4 செ.மீ. நீளம் என்றால் டி.எல்.பி. 2000. டி.எல்.பி.யை மில்லிசீவர்ட்டாக மாற்றும் எண், பெரியவர் தலைக்கு 0.0021. பெருக்கினால் 4.2 மில்லிசீவர்ட். எட்டு மடங்கான 4000 மில்லிகிரேக்கு 33.6 மில்லிசீவர்ட். அமெரிக்காவில் ஒருவர் இயற்கையிலிருந்தே ஆண்டுக்குச் சராசரி 3.1 மில்லிசீவர்ட் வாங்குகிறார். அதாவது சுமார் பதினோரு ஆண்டுச் சுமை. ஒரே சம்பவம்தான்: தோல் கணக்கில் முடி கொட்டும் அளவு, முழு உடல் கணக்கில் பார்த்தால் பீதியடைய வேண்டாத அளவு. வாதித் தரப்பு முதல் எண்ணையும் எதிர்த்தரப்பு இரண்டாவது எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு நிற்பது இதனால்தான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்த ஸ்கேனில் மேசை நகராமல் நின்றிருந்தால், திரையில் தெரியும் சி.டி.டி.ஐ. எண் தோலின் உண்மையான உச்ச அளவைவிட இரு மடங்கு வரைகூட அதிகமாக இருக்கலாம். திரை எண்ணை அப்படியே எடுத்து வாதாடும் நிபுணரைக் குறுக்கு விசாரணையில் மடக்குவது எளிது.

நோயாளிக்கு உச்சவரம்பு என்று ஒன்று இல்லை

பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட், கதிர்வீச்சுப் பணியாளருக்கு அமெரிக்காவில் 50 என்று வரம்புகள் உண்டு. அவை நோயாளிக்குப் பொருந்தாது. மருத்துவத் தேவை இருந்தால் எவ்வளவும் கொடுக்கலாம் என்பதே அடிப்படை விதி. ஆகவே வரம்பு மீறல் என்ற குற்றச்சாட்டே இங்கு எழாது. தேர்ந்த கதிரியல் துறை ஒன்று இதே ஸ்கேனுக்கு எவ்வளவு கொடுத்திருக்கும் என்பதுதான் கேள்வி. அதற்கு அளவுகோல்கள் உள்ளன. கதிரியல் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் அங்கீகாரத் தேர்வில் பெரியவரின் சாதாரணத் தலை ஸ்கேன் 80 மில்லிகிரேயைத் தாண்டினால் தோல்வி, வயிற்று ஸ்கேனுக்கு 30. இயந்திரம் நிறுத்திக் கேட்க வேண்டிய எச்சரிக்கை மதிப்பாக 1000 மில்லிகிரே இன்று பரிந்துரைக்கப்படுகிறது.

இயந்திரம் கெடவில்லை

சீடர்ஸில் எந்தப் பாகமும் பழுதாகவில்லை. 2008 பிப்ரவரியில் மருத்துவமனை பெர்ஃப்யூஷன் ஸ்கேனுக்காக இயந்திரத்தில் முன்கூட்டியே பதிந்து வைக்கும் இயக்க அமைப்பை (செட்டிங்) மாற்றியது. அது ஜி.இ. நிறுவனத்தின் இயந்திரம். நோயாளியின் உடல் பருமனுக்கேற்ப எக்ஸ்ரே குழாயின் மின்னோட்டத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி அதில் இருந்தது. கதிர்வீச்சைக் குறைப்பதற்காகவே வந்த வசதி. ஆனால் அது தானாக ஒன்றும் முடிவு செய்வதில்லை. படத்தில் எவ்வளவு புள்ளி இரைச்சல் இருக்கலாம் என்று நாம் சொல்லும் எண்ணைத் துரத்துகிறது. இரைச்சலே இருக்கக் கூடாது என்று கேட்டால் மின்னோட்டத்தை ஏற்றிக்கொண்டே போகும்.

மற்ற ஸ்கேன்களில் இதன் சேதம் குறைவு, ஏனென்றால் மேசை நகர்ந்துகொண்டிருக்கும். பெர்ஃப்யூஷனில் ரத்தத்தோடு சாயம் வந்து போவதைப் பார்க்க, தலையின் ஒரே பட்டையை மறுபடி மறுபடி சுட வேண்டும். அதனால் மிகை அளவு முழுக்க அந்தப் பட்டையிலேயே விழுந்தது. நோயாளிகளுக்குத் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்ட இடம்போல முடி கொட்டியதற்குக் காரணம் இதுதான். பெர்ஃப்யூஷனுக்கு அழகான படம் தேவையே இல்லை, இரைச்சலான படமே கணக்குக்குப் போதும் என்பது இதில் கொடுமை.

ஒவ்வொரு ஸ்கேனிலும் அந்த எண் திரையில் வந்துகொண்டிருந்தது. 18 மாதங்களாக யாரும் அதை வழக்கமான எண்ணோடு ஒப்பிடவில்லை. கவனக்குறைவை நிரூபிக்க இதைவிட வலுவான சான்று வாதிக்குக் கிடைக்காது.

இதே மாநிலத்தின் ஆர்கேட்டா ஊரில் 2008 ஜனவரியில் நடந்தது வேறு ரகம். மேட் ரிவர் மருத்துவமனையில் ஒரு சிறு குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில், ஒரே இடத்தில் 151 முறை ஸ்கேன் எடுக்கப்பட்டது. முகத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் எழும்பியது. மருத்துவமனைக்கு 25,000 டாலர் அபராதம். தொழில்நுட்பரின் உரிமம் ரத்து. சீடர்ஸில் தவறு அமைப்பில் இருந்தது, இங்கே பொத்தானை அழுத்திய கையில். சட்டம் இரண்டுக்கும் மருத்துவமனையையே பொறுப்பாக்குகிறது.

இரண்டு வகைக் கேடு

முதல் வகைக்கு ஒரு வாசல் அளவு உண்டு. அதற்குக் கீழே எதுவும் நடக்காது, மேலே போகப் போகக் காயம் கடுமையாகும். தோல் 2 கிரேயில் லேசாகச் சிவக்கத் தொடங்கும். 3 கிரேயில் இரண்டு மூன்று வாரம் கழித்து முடி கொட்டும், பின்பு வளரும். 7 கிரேக்கு மேல் போனால் திரும்ப வளராது. கண்வில்லை மங்குவதற்கான வாசலை அனைத்துலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் 0.5 கிரேயாகக் குறைத்தது. சீடர்ஸ் நோயாளிகளின் தலைக்குப் போனது 3 முதல் 4 கிரே. ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்கு முடி கொட்டியது இந்த அட்டவணையோடு அப்படியே ஒத்துப்போகிறது. காரணம் காட்டுவதில் சிரமமே இல்லை: கொட்டிய பட்டையும் ஸ்கேன் பட்டையும் ஒன்று, கொட்டிய தேதியும் கணக்குக்குப் பொருந்தும்.

இரண்டாம் வகை புற்றுநோய். இதற்கு வாசல் கிடையாது என்றே பாதுகாப்பு விதிகள் கொள்கின்றன. அளவு கூடினால் நோயின் கடுமை கூடாது, நோய் வரும் வாய்ப்பு கூடும். கதிர்வீச்சால் வந்த கட்டிக்கும் தானாக வந்த கட்டிக்கும் நுண்ணோக்கியில் வித்தியாசம் தெரியாது. வழக்கு இங்கே புள்ளியியலின் கைக்குப் போய்விடுகிறது.

ஐம்பது சதவீதக் கோடு

உரிமையியல் வழக்கில் வாதி நிரூபிக்க வேண்டியது, இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று. 50 சதவீதத்துக்கு மேல். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகக் குழுவின் 2006 அறிக்கை சொல்வது: 100 பேருக்குத் தலா 100 மில்லிசீவர்ட் கொடுத்தால் அதனால் கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம், அதே நூறு பேரில் 42 பேருக்கு வேறு காரணங்களால் எப்படியும் வரும். மேலே போட்ட 33.6 மில்லிசீவர்ட்டுக்கு இதைப் பொருத்தினால், அந்த நோயாளிக்குப் பின்னாளில் புற்றுநோய் வந்தால் அதற்கு ஸ்கேன் காரணமாக இருக்கும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. முழு உடல் எண்ணைத் தனி ஆளுக்கு இப்படிப் பயன்படுத்தக் கூடாது, மூளைக்கான அளவைத் தனியே எடுத்து, வயதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று நிபுணர் திருத்துவார். சரிதான். ஆனால் பக்கவாதச் சந்தேகத்தோடு வருபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். வயது ஏற ஏற இந்த அபாயம் குறையும். திருத்தினாலும் 50-ஐ எட்டுவது கடினம்.

குழந்தைகள் விஷயத்தில் கணக்கு தலைகீழாகலாம். 50 சதவீதம் என்பது கணித மொழியில் அபாயம் இரட்டிப்பாவது: அப்போது வரும் நோயில் பாதி அந்தக் கூடுதல் அபாயத்தால் வந்தது. கலிஃபோர்னியச் சட்டத்தை விளக்கிய ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், டாபர்ட் வழக்கின் 1995 தீர்ப்பில் இதே அளவுகோலைத்தான் வைத்தது. பிரிட்டனில் சிறுவயதில் சி.டி. எடுத்துக்கொண்டவர்களைப் பின்தொடர்ந்து 2012-இல் வெளியான ஆய்வு, மூளைக்குச் சுமார் 60 மில்லிகிரே போனால் மூளைக் கட்டி அபாயம் மும்மடங்காகலாம் என்றது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 2023 ஆய்வு 100 மில்லிகிரேக்கு அபாயம் 1.27 மடங்கு கூடுவதாகக் கண்டது, அதாவது 1 இருந்தது 2.27 ஆகிறது. மும்மடங்கு என்றால் காரண வாய்ப்பு 67 சதவீதம்; 2.27 என்றால் 56. இரண்டும் கோட்டைத் தாண்டுகின்றன. தனிக் குழந்தைக்கான அபாயம் அப்போதும் மிகச் சிறியதுதான்: 10,000 தலை ஸ்கேனுக்கு முதல் பத்தாண்டில் கூடுதலாக ஒரு மூளைக் கட்டி. நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் கேள்வியோ, வந்துவிட்ட அந்த ஒரு நோய்க்கு எது காரணம் என்பது.

எதிர்த்தரப்புக்கு இரண்டு பதில்கள் இருக்கும். ஒன்று, கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்தால்தானே ஸ்கேனே எடுத்தார்கள், நோய் முன்பே இருந்திருக்கலாம். இரண்டாவது இன்னும் கூர்மையானது: தேவையான ஸ்கேனுக்கு உரிய அளவு தவறே அல்ல, ஆகவே அதைக் கழித்துவிட்டு மிகுதிக்கு மட்டும் அபாயம் கணக்கிட வேண்டும்.

உதிர்ந்த முடி திறக்கும் கதவு

நோய் வரவில்லை, வருமோ என்ற பயம் மட்டுமே இருக்கிறது என்றால்? கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1993-இல் பாட்டர் எதிர் ஃபயர்ஸ்டோன் வழக்கில் விதி வகுத்தது. உடற்காயம் இல்லாதவர் புற்றுநோய்ப் பயத்துக்கு இழப்பீடு கேட்டால், அந்த நோய் வருவதற்கே வாய்ப்பு அதிகம் என்று நம்பத்தக்க மருத்துவக் கருத்தோடு காட்ட வேண்டும். எதிர்த்தரப்பின் நடத்தை கொடுமையாகவோ வஞ்சகமாகவோ இருந்தால் மட்டும் தளர்வு. மேலே பார்த்த கணக்கில் இந்த நிபந்தனையை யாரும் தாண்ட முடியாது.

உடற்காயம் இருந்தால் இந்தத் தடை இல்லை. பயமும் மன உளைச்சலும் அந்தக் காயத்தோடு ஒட்டிக்கொண்டு இழப்பீட்டுக்குள் வந்துவிடும். ஒரே இயந்திரம், ஒரே அமைப்பு, ஏறக்குறைய ஒரே அளவு. முடி கொட்டிய 40 சதவீதத்தினருக்கு உள்ளே போக வழி இருக்கிறது. கொட்டாத 60 சதவீதத்தினருக்கும் புற்றுநோய் அபாயம் அதேதான், ஆனால் அவர்கள் வெளியே நிற்கிறார்கள். சில மாதங்களில் வளர்ந்துவிடும் முடிக்கு இவ்வளவு எடை கொடுப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. வெறும் பயத்துக்கெல்லாம் கதவைத் திறந்தால் வழக்குகள் வெள்ளமாகும் என்று நீதிமன்றம் அஞ்சியது புரிகிறது. அதற்கு அணை கட்டிய இடம்தான் தவறு.

வெளியே நிற்பவர்களுக்குப் பாட்டர் தீர்ப்பே ஒரு பக்க வழியும் விட்டது: தொடர் மருத்துவக் கண்காணிப்புச் செலவு. நச்சுக்கு ஆட்பட்டதால் கண்காணிப்பு தேவை, அது நியாயமானது என்று மருத்துவர் சொன்னால் காயம் இல்லாமலே அதைக் கேட்கலாம். அலபாமாவில் இதுவும் இல்லை. அம்மாநில உச்ச நீதிமன்றம் 2001-இல் ஹின்டன் எதிர் மான்சாண்டோ வழக்கில், வெளிப்பட்ட காயம் இல்லாமல் கண்காணிப்புச் செலவு கிடையாது என்று சொல்லிவிட்டது. நோயாளி எந்த மாநில எல்லைக்குள் படுத்திருந்தார் என்பதே அவர் உரிமையைத் தீர்மானித்தது.

கெடு முடிந்த பிறகு வரும் நோய்

கலிஃபோர்னியாவில் மருத்துவக் கவனக்குறைவு வழக்குக்குக் காயம் நேர்ந்து மூன்று ஆண்டு, அல்லது தெரிந்ததிலிருந்து ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ அது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூன்று ஆண்டு அல்லது எட்டாம் பிறந்தநாள், எது பிந்துகிறதோ அது. வழக்குப் போடுவதற்கு 90 நாள் முன்னதாக அறிவிப்பும் தர வேண்டும். அலபாமாவில் இரண்டு ஆண்டு. தாமதமாகத் தெரியவந்தால் அதிலிருந்து ஆறு மாதம். எப்படியானாலும் நான்கு ஆண்டுக்கு மேல் இல்லை. திடக் கட்டிகள் வெளிப்பட ஐந்து, பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகும்.

யார் மீது, எவ்வளவு

மருத்துவமனை மீதான வழக்கில் வலி, மன உளைச்சல் போன்றவற்றுக்குக் கலிஃபோர்னியா 1975-இல் 2,50,000 டாலர் உச்சவரம்பு வைத்தது. சீடர்ஸ் காலத்தில் அதுதான் நடப்பு. 2023 முதல், உயிரிழப்பு இல்லாத வழக்குகளுக்கு 3,50,000-இல் தொடங்கி ஆண்டுதோறும் ஏறுகிறது. இயற்பியல் நிபுணர், கதிரியலாளர், தோல் மருத்துவர், புள்ளியியலாளர் என நால்வருக்குக் கட்டணம் கொடுத்து இந்த வரம்புக்குள் வழக்கு நடத்தப் பல வழக்கறிஞர்கள் தயங்குகிறார்கள்.

இந்த வரம்பு கருவி தயாரித்த நிறுவனத்தைக் காப்பதில்லை. அதனால்தான் தயாரிப்பாளரும் எதிர்வாதியாகச் சேர்க்கப்படுகிறார். வாதம்: அளவு எட்டு மடங்காகும்போது நிறுத்திக் கேட்காத இயந்திரம் குறையுள்ள வடிவமைப்பு. எஃப்.டி.ஏ. முன்கூட்டியே முழுமையாக ஆராய்ந்து ஒப்புதல் தந்த கருவிகளுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2008 ரீகல் தீர்ப்பு வழக்குகளிலிருந்து பெரும் கவசம் தந்தது. சி.டி. இயந்திரங்கள் அந்தப் பாதையில் வருவதில்லை. முந்தைய கருவிக்கு இணையானது என்று காட்டிச் சந்தைக்கு வருபவை. அதே நீதிமன்றத்தின் 1996 லோர் தீர்ப்பின்படி அவற்றுக்கு அந்தக் கவசம் கிடையாது. எஃப்.டி.ஏ.வின் 2010 முடிவுரையை இரு தரப்புமே மேற்கோள் காட்டலாம்: முறைப்படி இயக்கினால் இயந்திரம் மிகை அளவு தராது என்று அது சொன்னது, திரை எச்சரிக்கை போன்ற மேம்பாடுகள் வேண்டும் என்றும் தயாரிப்பாளர்களிடம் சொன்னது. பின்னால் செய்த திருத்தத்தைக் கவனக்குறைவுக்குச் சான்றாகக் காட்டக் கலிஃபோர்னியா அனுமதிப்பதில்லை. பொருள் குறைபாட்டு வழக்கில் காட்டலாம் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1974-இலேயே தீர்த்தது.

கையில் இருக்க வேண்டியவை

1. ஸ்கேனின் அளவு அறிக்கைப் பக்கம். சி.டி.டி.ஐ., டி.எல்.பி., எத்தனை முறை சுட்டது என்பது வரிவரியாக இருக்கும். படங்களைக் குறுந்தகட்டில் வாங்கும்போது இந்தப் பக்கம் விடுபடுவது சகஜம். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கலிஃபோர்னியாவில் நகல் தர 15 நாள் கெடு.

2. அமைப்பு மாற்றப்பட்ட தேதி, மாற்றியவர், ஒப்புதல் பதிவு. இது வழக்குத் தொடங்கிய பிறகே கிடைக்கும். அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி முன்பே கடிதம் அனுப்ப வேண்டும்.

3. மருத்துவ இயற்பியலாளரின் ஆண்டுச் சோதனை அறிக்கை. திரை எண் உண்மை அளவோடு ஒத்துப்போனதா என்பதை இதுதான் சொல்லும்.

4. தேதியோடு புகைப்படங்கள். முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டி, சில மாதங்களில் வளர்ந்துவிடும். அதற்குள் ஒரு தோல் மருத்துவர் பார்த்து எழுதியிருக்க வேண்டும். காயம் ஆறிய பிறகு வரும் வாதியிடம் சான்றாக வாய்ச்சொல்தான் மிஞ்சும்.

5. கண் பரிசோதனை, அப்போதைய நிலையைப் பதிவு செய்ய. கண்புரை ஆண்டுகள் கழித்து வரும்போது, முன்பு இல்லை என்று காட்ட இதுவே வழி.

இதற்குப் பின் வந்த சட்டம்

கலிஃபோர்னியா 2010 செப்டம்பரில் எஸ்.பி. 1237 என்ற சட்டத்தை இயற்றியது. 2012 ஜூலை 1 முதல் ஒவ்வொரு சி.டி. அறிக்கையிலும் அளவு பதிவாக வேண்டும். திரை எண் உண்மை அளவிலிருந்து 20 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று ஆண்டுக்கொரு முறை சோதிக்க வேண்டும். தவறு நடந்தால் ஐந்து வேலை நாட்களுக்குள் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறைக்கும் பரிந்துரைத்த மருத்துவருக்கும், 15 வேலை நாட்களுக்குள் நோயாளிக்கும் தெரிவிக்க வேண்டும்.

எது தவறு என்பதற்கும் பட்டியல் உண்டு. மருத்துவர் சொல்லாமல் மறுபடி எடுத்தது அல்லது வேறு உறுப்பில் எடுத்தது, அதுவும் 50 மில்லிசீவர்ட் முழு உடல் அளவையோ உறுப்புக்கு அல்லது தோலுக்கு 500-ஐயோ தாண்டினால். கர்ப்பம் தெரிந்திருந்தும் கருவுக்கு 50-க்கு மேல் போனால். எதிர்பாராத நிரந்தர உறுப்புச் சேதம், முடி உதிர்வு, தோல் சிவத்தல் என்று மருத்துவர் உறுதி செய்தால். சீடர்ஸில் நடந்ததை இதில் வைத்துப் பாருங்கள். ஸ்கேன் ஒரே முறை, சரியான உறுப்பில், மருத்துவர் சொல்லித்தான் எடுக்கப்பட்டது. முடி உதிர்ந்தவருக்கு அறிவிப்பு கட்டாயம். உதிராதவருக்கு எட்டு மடங்கு போயிருந்தாலும் அவர் இந்தப் பட்டியலின் எந்தப் பிரிவிலும் நேராக அடங்கவில்லை. அவருடைய அறிக்கையில் அந்த எண் அச்சாகியிருக்கும், அது அதிகம் என்று சொல்ல யாரும் கடமைப்பட்டிருக்க மாட்டார்கள்.